உள்ளே காவலி, ஓரத்தில் கடத்தி: இலத்திரன் கண்ட புதிய பாதை

களுதாவளையில் மின்கம்பத்திலிருந்து ஒரு வீட்டுக்கு இறங்கும் வடத்தை எடுத்துக்கொள்வோம். உள்ளே உலோகக் கம்பி. வெளியே பிளாஸ்ரிக் உறை. மின்னைக் கடத்துவது உள்ளே இருக்கிறது. அதைத் தடுப்பது வெளியே இருக்கிறது. கடத்தி ஒரு பொருள், காவலி வேறொரு பொருள் என்பதே பாடசாலையில் நாம் கற்ற பாடம்.

இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கிய ஒரு பொருள் வகை கடந்த இருபது ஆண்டுகளில் பௌதிகவியலாளரின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்துள்ளது. அதன் உட்பகுதி காவலி, மேற்பரப்பு கடத்தி. இரு பொருட்களை ஒட்டிச் செய்யப்பட்டதன்று, ஒரே பளிங்கு. அப்பளிங்கை இரண்டாகப் பிளந்தால், சற்று முன்வரை காவலியாக இருந்த உட்பகுதி புதிய முகமாக வெளிப்பட்டு, உடனே மின்னைக் கடத்தத் தொடங்கும். கடத்தும் மேற்பரப்பைச் சுரண்டி அகற்ற முயன்றாலும் அதன் கீழிருந்து மற்றொரு கடத்தும் மேற்பரப்பே தோன்றும். இத்தகைய பொருட்களே இடத்தியற் காவலிகள் எனப்படுகின்றன.

ஆய்வுகூடத்து விந்தை எனக் கருதி இதை நாம் கடந்து போகலாகாது. கணினியும் கைத்தொலைபேசியும் சூடேறுவதை அனைவரும் அறிவர். இலத்திரன்கள் தமது வழியிலுள்ள தடைகளிலே மோதிச் சிதறுவதால், நாம் காசு கொடுத்து வாங்கும் மின்சக்தியின் ஒரு பகுதி வெப்பமாக வீணாகின்றது. சர்வதேச சக்தி முகவரகத்தின் மதிப்பீட்டின்படி, 2024ஆம் ஆண்டில் உலக மின்நுகர்வில் ஏறத்தாழ 1.5 சதவீதத்தைத் தரவு மையங்கள் மாத்திரமே உட்கொண்டன. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டை அனுபவித்த இலங்கையருக்கு மின்சக்தியின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. இலத்திரன் சிதறாமற் செல்லும் பாதை ஒன்று இயற்கையில் உண்டா என்ற வினா எமது வீட்டுக் கணக்கையும் தொடும் வினாவே.

இடத்தியல் என்பது யாது?

உருவங்களை அவற்றின் அளவையோ வளைவையோ பாராது, கிழிக்காமலும் ஒட்டாமலும் உருமாற்றும்போது எவை மாறாது நிற்கின்றன என்று ஆராயும் கணிதப் பிரிவே இடத்தியலாகும். உழுந்துவடைக்கு ஒரு துளை. கைபிடியுள்ள தேநீர்க் கோப்பைக்கும் ஒரு துளை. களிமண்ணாற் செய்யப்பட்டிருந்தால் ஒன்றை மற்றொன்றாகப் பிசைந்து மாற்றிவிடலாம். துளையற்ற பணிஸை அவ்வாறு வடையாக்க இயலாது. எங்கேனும் ஓரிடத்தில் துளைத்தே ஆகவேண்டும். துளைகளின் எண்ணிக்கை முழு எண்ணாகும். அரைத் துளை, கால் துளை என்பன இல்லை. ஆகவே அது சிறிது சிறிதாக மாறுவதில்லை. மாறினால் ஒரேயடியாக மாறும்.

இதனை இன்னும் தெளிவாக்க வாவிக்கரையிலேயே ஓர் உதாரணம் உண்டு. தோணி கட்டும் கயிற்றை உயரமான தறியொன்றிலே மூன்று முறை சுற்றி, இரு முனைகளையும் இருவர் விடாது பிடித்திருப்பதாகக் கருதுவோம். கயிற்றைத் தளர்த்தலாம், இறுக்கலாம், மேலே தள்ளலாம். சுற்றுக்கள் மூன்றாகவே இருக்கும். அவ்வெண்ணிக்கையை மாற்ற வேண்டுமாயின் ஒருவர் பிடியை விட வேண்டும், அல்லது கயிற்றை அறுக்க வேண்டும்.

பளிங்கின் உள்ளே இலத்திரன்களின் அலைகளும் இவ்வாறே ஒரு ‘சுற்று’ எண்ணைக் கொண்டுள்ளன. காவலியில் ஒரு சக்திப் பட்டை முற்றாக நிரம்பியிருக்கும். அதற்கு மேலே ஓர் இடைவெளி. அதன்மேல் வெறுமையான பட்டை. எல்லா ஆசனங்களும் நிரம்பிய பஸ் வண்டியில் எவரும் இடம்மாற முடியாதது போல, நிரம்பிய பட்டையில் மின்னோட்டம் இல்லை. இந்த இடைவெளி இருக்கும்வரை சுற்று எண் மாறாது. இடைவெளி மூடப்படுவதே மேற்கூறிய ‘கயிறு அறுதல்’ ஆகும்.

இப்போது பளிங்கின் எல்லைக்கு வருவோம். உள்ளே சுற்று உண்டு. வெளியே வெறும் காற்று, அங்கே சுற்று இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியில் எண் மாறியே ஆகவேண்டும். ஆகவே எல்லையில் இடைவெளி மூடப்பட்டே தீரும். இடைவெளி மூடிய இடத்தில் இலத்திரன் உலாவலாம். மேற்பரப்புக் கடத்தியாவது இதனாலேயே. உள்ளே இருப்பதன் கணக்கு, ஓரத்திலே தீர்க்கப்படுகின்றது எனலாம்.

கிரெனோபிளில் தொடங்கிய கதை

இக்கணக்கு முதன்முதலிற் பரிசோதனையில் வெளிப்பட்டது 1980 பெப்ரவரியில், பிரான்ஸின் கிரெனோபிள் நகரிலாகும். மிகத் தாழ்ந்த வெப்பநிலையில், வலிமைமிக்க காந்தப்புலத்தில், மெல்லிய இலத்திரன் படையொன்றின் மின்தடையை அளந்த ஜேர்மனிய விஞ்ஞானி கிளவுஸ் வொன் கிளிட்சிங், அத்தடை படிப்படியாக மாறுவதையும், ஒவ்வொரு படியும் 25,812.807 ஓம் என்னும் அளவை முழு எண்ணொன்றால் வகுத்துப் பெறும் பெறுமானமாக இருப்பதையும் கண்டார். மாதிரியின் வடிவமோ அதிலுள்ள அழுக்கோ இப்பெறுமானத்தைப் பாதிக்கவில்லை. அவருக்கு 1985இல் நோபல் பரிசு கிடைத்தது.

அழுக்குள்ள பொருளில் இத்துணைத் துல்லியம் எங்ஙனம் வந்தது? 1982இல் டேவிட் தௌலஸும் அவரது சகாக்கள் மூவரும் விடை கூறினர். அளக்கப்படுவது ஓர் இடத்தியல் எண். எனவே அது அழுக்குக்கு அசையாது என்பதே அவ்விடை. வெளிக் காந்தப்புலம் இன்றியும் இது நிகழக்கூடும் என்று 1988இல் டங்கன் ஹோல்டேன் காட்டினார். தௌலஸ், ஹோல்டேன், மைக்கல் கொஸ்டர்லிட்ஸ் ஆகிய மூவரும் 2016ஆம் ஆண்டுக்குரிய பௌதிகவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

காரீயத்திலிருந்து பிசுமது வரை

2005இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் கேன், யூஜின் மெலே ஆகிய இருவரும் காந்தமே தேவைப்படாத ஒரு வகையை முன்மொழிந்தனர். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் கிரபீன், அதாவது ஓரணுத் தடிப்புள்ள காரீயப் படலம். எமது நாட்டின் பொகலை, கஹட்டகஹ சுரங்கங்களிலிருந்து எடுக்கப்படும் தூய நரம்புக் காரீயம் உலகப் புகழ்பெற்றது என்பதை வாசகர் அறிவர். எனினும் காரீயத்தின் காபன் அணு மிக இலேசானது. இவ்விளைவுக்கு இலத்திரனின் கறங்கலும் அதன் இயக்கமும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்திருக்க வேண்டும். அப்பிணைப்பு பாரமான அணுக்களிலேயே வலிமை பெறும். ஆகையால் கிரபீனில் இவ்விளைவு அளக்க முடியாத அளவுக்குச் சிறிதாயிற்று.

தேடல் ஆவர்த்தன அட்டவணையின் அடிப்பகுதிக்கு நகர்ந்தது. 2006இல் ஸ்ரான்போர்ட்டைச் சேர்ந்த பேர்ணவிக், ஹியூஸ், ஷாங் ஆகியோர் இரசமும் தெலூரியமும் சேர்ந்த மென்படையைச் சுட்டிக்காட்டினர். படையின் தடிப்பு 6.3 நனோமீற்றரை விஞ்சும்போது மேற்பட்டையும் கீழ்ப்பட்டையும் தம்முள் இடம்மாறிக்கொள்ளும் என்பது அவர்களது கணிப்பு. மறு ஆண்டே ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க்கில் லோரன்ஸ் மோலன்காம்ப் குழுவினர் அதனைப் பரிசோதனையில் உறுதிசெய்தனர். உள்ளே ஓட்டமில்லை, இரு ஓரங்களில் மாத்திரம் ஓட்டம்.

அதே 2007இல் முப்பரிமாணப் பளிங்குகளிலும் இது நிகழும் எனக் கோட்பாட்டாளர் பலர் எடுத்துரைத்தனர். ஜோயல் மூர், லியோன் பலன்ட்ஸ் ஆகியோரின் கட்டுரையே இடத்தியற் காவலி என்ற பெயரை வழங்கியது. அதனைக் கண்ணாற் காட்டிய பெருமை டாக்காவிற் பிறந்து பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கும் சாகித் ஹசனின் குழுவைச் சாரும். ஒளியைப் பாய்ச்சி மேற்பரப்பிலிருந்து இலத்திரன்களை வெளியேற்றி, அவற்றின் சக்தியையும் திசையையும் அளக்கும் முறையால், பிசுமது–அந்திமனிக் கலவையில் 2008இலும் பிசுமது செலனைட்டில் 2009இலும் அந்த மேற்பரப்பு நிலைகளை அவர்கள் பதிவுசெய்தனர். பிசுமது செலனைட்டின் சக்தி இடைவெளி ஏறத்தாழ 0.3 இலத்திரன் வோல்ற்று. அறை வெப்பநிலை இலத்திரனுக்கு ஊட்டக்கூடிய சக்தியைப் போல் இது பன்னிரு மடங்கு.

இங்கே ஒன்று சிந்திக்கத்தக்கது. இதே குடும்பத்தைச் சேர்ந்த பிசுமது தெலூரைட்டு 1950கள் முதல் சிறிய மின்குளிரூட்டிகளிலே பயன்பட்டு வரும் பொருளாகும். அரை நூற்றாண்டாகக் கையிற் புழங்கிய பொருளின் மேற்பரப்பில் இத்தகைய இரகசியம் இருந்ததை எவரும் தேடவில்லை. கேள்வி பிறந்த பின்னரே கண் திறந்தது.

திரும்பிச் செல்ல முடியாத இலத்திரன்

ஓரத்து இலத்திரன் ஏன் சிதறுவதில்லை? மட்டக்களப்பு–கல்முனை நெடுஞ்சாலையில் ஒரு விசித்திர விதி இருப்பதாகக் கருதுவோம். வடக்கு நோக்கிச் செல்லும் வண்டிகளுக்குச் சாரதி ஆசனம் வலப்புறம். தெற்கு நோக்கிச் செல்பவற்றுக்கு இடப்புறம். பள்ளமோ படுத்திருக்கும் மாடோ வண்டியை வளைந்து செல்லச் செய்யலாம். ஆயினும் வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டுமாயின் சாரதி ஆசனத்தையே கழற்றி மறுபுறம் பூட்ட வேண்டும். அது பள்ளத்தாலும் மாட்டாலும் ஆகாத காரியம். இடத்தியற் காவலியின் ஓரத்தில் இலத்திரனின் திசையும் கறங்கலும் இவ்வாறு பிணைக்கப்பட்டுள்ளன. கறங்கலைப் புரட்டாமல் அது திரும்ப இயலாது. சாதாரண மாசு கறங்கலைப் புரட்டாது. காந்த மாசு புரட்டும்.

இதன் ஆழத்தை உணர இரு இந்திய விஞ்ஞானிகளின் பணியை நினைவுகூர வேண்டும். சென்னையில் 1941இல் பிறந்த ரி.வி. இராமகிருஷ்ணன், ஏப்ரகாம்ஸ், அன்டர்சன், லிசியார்டெல்லோ ஆகியோருடன் இணைந்து 1979இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் ஒரு மைல்கல்லாகும். இலத்திரன் ஓர் அலை. அது மாசுகளைச் சுற்றி வலமாகவும் இடமாகவும் வந்து, புறப்பட்ட இடத்திலேயே தன்னைத்தான் சந்திக்கக்கூடும். கல்லடிப் பாலத்தின் தூணொன்றை இருபுறமும் சுற்றிவந்த சிற்றலைகள் பின்னே ஒன்றுசேர்வதைப் போன்றது இது. சாதாரணப் படலத்தில் அவ்விரு அலைகளும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. விளைவாக இலத்திரன் திரும்பி வரும் வாய்ப்பு மிகுந்து, மாசு எவ்வளவு குறைவாயினும் போதிய பெரிய மென்படலத்தில், மிகத் தாழ்ந்த வெப்பநிலையில், அது ஈற்றில் சிறைப்படுகின்றது. இரு பரிமாணத்தில் உண்மையான உலோகம் இல்லை என்ற முடிவு அக்கட்டுரையின் சாரம்.

இடத்தியற் காவலியின் மேற்பரப்பும் இரு பரிமாணமே. அது எங்ஙனம் தப்புகின்றது? இங்கேதான் சிவராமகிருஷ்ணன் பஞ்சரத்தினம் வருகின்றார். சேர் சி.வி. இராமனின் சகோதரி மகனான இவர், பெங்களூரில் இராமன் ஆய்வு நிறுவனத்தில் பளிங்குகளினூடு செல்லும் முனைவாக்கப்பட்ட ஒளியை ஆராய்ந்தவர். ஒளியின் முனைவாக்கத்தை ஒரு கோளத்தின் மீதுள்ள புள்ளியாகக் குறித்து, அதனை ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய நிலைக்கே கொண்டுவந்தாலும், அலையின் அவத்தை பழையபடி இராது; சுற்று அடைத்த திண்மக் கோணத்தின் அரைவாசியளவு அது மாறியிருக்கும் என்று 1956இல் நிறுவினார். அப்போது அவருக்கு வயது 22. அவர் 1969இல், 35 வயதில் காலமானார். பிரித்தானியர் மைக்கல் பெரி 1984இல் இதே உண்மையைச் சொட்டுப் பொறியியலிற் பொதுமைப்படுத்தி வெளியிட்ட பின்னரே, பஞ்சரத்தினத்தின் முன்னோடிப் பணி உலகின் கவனத்துக்கு வந்தது. பெரியும் அதனை மனமுவந்து ஏற்றுக்கொண்டார்.

மேற்பரப்பு இலத்திரன் ஒரு முழுச் சுற்று வரும்போது அதன் கறங்கலும் தளத்திலேயே, கோளத்தின் நடுக்கோட்டின் வழியே, ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகின்றது. அது அடைப்பது அரைக்கோளம். கோணக் கணக்கில் 360 பாகை. அதன் அரைவாசி 180 பாகை. அதாவது வலஞ்சுற்றி வந்த அலையின் மேடும் இடஞ்சுற்றி வந்த அலையின் பள்ளமும் சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. வந்த வழியே திரும்பும் வாய்ப்பு அற்றுப்போகின்றது. இராமகிருஷ்ணனும் சகாக்களும் விவரித்த சிறையின் கதவை, பஞ்சரத்தினத்தின் அரைவாசிக் கோணம் திறந்துவிடுகின்றது. ஒளியைப் பற்றி ஓர் இளைஞர் போட்ட கணக்கு அரை நூற்றாண்டின் பின் இலத்திரனின் வழியை விளக்கியது.

மறைக்கப்படக் கூடாத மறுபக்கம்

இனி எச்சரிக்கை. ‘தடையே இல்லாத மின்னோட்டம்’, ‘சூடேறாத கணினி நாளையே’ என்ற வகையில் எழுதப்படும் செய்திகளை அப்படியே நம்புதல் தகாது.

முதலாவதாக, முப்பரிமாணப் பளிங்கின் மேற்பரப்பில் நேர் எதிராகத் திரும்புவது மாத்திரமே தடுக்கப்பட்டுள்ளது. பக்கவாட்டில் சிதறுவதற்குத் தடையில்லை. ஆகவே இது மீகடத்தியன்று. இரண்டாவதாக, மென்படையின் ஓரத்திலும் அளக்கப்படும் தடை பூச்சியமன்று. வூர்ஸ்பேர்க் பரிசோதனையில் எதிர்பார்க்கப்பட்ட பெறுமானம் ஏறத்தாழ 12,906 ஓம். பாதையில் இழப்பு இல்லையாயினும், பாதைக்குள் நுழையும் வாயிலிலும் வெளியேறும் வாயிலிலும் கட்டணம் உண்டு என்று இதனைக் கூறலாம். அப்பெறுமானமும் ஒரு மைக்ரோமீற்றர் அளவான மாதிரிகளிலேயே செம்மையாகக் கிடைத்தது. நீண்ட ஓரங்களில் பாதுகாப்புத் தளர்கின்றது.

மூன்றாவதும் மிகப் பெரியதுமான இடர் பளிங்கின் உள்ளேயே உள்ளது. பிசுமது செலனைட்டை வளர்க்கும்போது செலனியம் அணுக்கள் சில தப்பிவிடுகின்றன. ஒவ்வொரு வெற்றிடமும் இலத்திரன்களைப் பளிங்கின் உட்பகுதிக்கு வழங்குகின்றது. காவலியாக இருக்க வேண்டிய உட்பகுதி இதனாற் கடத்தத் தொடங்கி, மேற்பரப்பின் மெல்லிய ஓட்டத்தை மூழ்கடிக்கின்றது. கடலிரைச்சலில் பாடும் மீனின் ஒலியைக் கேட்க முயல்வது போன்ற நிலை அது. 2010இல் ஜப்பானின் யொய்ச்சி அன்டோ குழுவினர் தெலூரியத்தையும் செலனியத்தையும் ஒழுங்காக அடுக்கிய பிசுமதுச் சேர்வையால் உட்பகுதியின் தடையைப் பெருமளவு உயர்த்தினர். மேற்பரப்பின் ஓட்டத்தைத் தெளிவாகப் பிரித்தறிய அதன் பின்னரே வழி பிறந்தது. ஓரம் கடத்துவதற்கு இடத்தியல் உறுதி தரலாம்; உள்ளே உண்மையான காவலியை ஆக்குவதற்கு மனிதரின் பொறுமையான உழைப்பே வேண்டும்.

நான்காவது வெப்பநிலை. காந்த அணுக்களைக் கலந்து ஒருவழிப் பாதையாக்கும் முயற்சி 2013இல் சீனாவின் ஷுவே சிகுன் குழுவினரால் நிறைவேறியது. சென்னை இந்தியத் தொழில்நுட்ப நிறுவகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற ஜகதீஷ் மூதேரா பங்குகொண்ட அமெரிக்கக் குழு 2015இல் அதனை மேலும் செம்மைப்படுத்தியது. இவை தனிப்பூச்சியத்துக்கு மிக அண்மையான குளிரில் நிகழ்ந்தவை. 2018இல் தங்குதன் தெலூரைட்டின் ஒற்றைப் படையில் ஓரத்தோட்டம் 100 கெல்வின் வரை, அதாவது பூச்சியத்தின் கீழ் 173 பாகை செல்சியஸ் வரை காணப்பட்டது. அது பெரும் முன்னேற்றம். ஆயினும் எமது மேசைக் கணினிக்கு அது இன்னும் தொலைவே.

எமக்கு இதில் என்ன?

பெரும் செல்வமும் இயந்திரங்களும் உள்ள நாடுகளுக்குரிய ஆய்வு இது என ஒதுங்கிவிடலாமா? இக்கதையின் திருப்புமுனைகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1956இன் கணக்குக்குத் தேவைப்பட்டவை ஒளி, பளிங்கு, வடிவ கணிதம் ஆகியவையே. 1982இனதும் 2005இனதும் பாய்ச்சல்களுக்குத் தாளும் பேனாவும் தெளிந்த சிந்தையும் போதுமாயிருந்தன. விலையுயர்ந்த கருவிகள் பின்னரே வந்தன. எதைத் தேட வேண்டும் என்பதை அவற்றுக்குக் கூறியது எண்ணமே.

வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய கிழக்குப் பல்கலைக்கழகமும், 1995இல் தொடங்கி ஒலுவிலில் நிலைகொண்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் எழுவான்கரையின் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானக் கல்வியை அண்மையிற் கொணர்ந்துள்ளன. ஆயினும் உயர்தரத்தில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் கற்கும் மாணவர் பலர் அவற்றைப் பொறியியல் அனுமதிக்கான படியாகவே காண்கின்றனர். அது குற்றமன்று, குடும்பத்தின் தேவை அது. எனினும் நூற்றில் ஒருவரேனும் ‘இது ஏன் இவ்வாறு?’ என்ற கேள்விக்காகவே அப்பாடத்தைத் தொடர விரும்பினால், அவரைப் பயனற்றதைப் படிப்பவர் என்று கூறி மறிக்காதிருத்தல் பெற்றோரினதும் ஆசிரியரினதும் கடமையாகும். பஞ்சரத்தினத்தின் பணிக்கு முப்பது ஆண்டுகள் எவரும் பயன் கண்டிலர்.

மொழியின் பங்கையும் மறந்துவிடலாகாது. களுதாவளையிலிருந்து அதிக தூரமில்லாத காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் விஞ்ஞானப் பட்டதாரி. 1930களில் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியோருள் ஒருவர். நரம்புக் கருவியின் அதிர்வை எண்களால் ஆராய்ந்து 1947இல் ‘யாழ் நூல்’ தந்தவர். இலத்திரன், காவலி, கறங்கல் என்று நாம் இன்று தயக்கமின்றி எழுதுவது அத்தகையோர் வெட்டிய வாய்க்காலிலே பாயும் நீரே. அவ்வாய்க்கால் அறுபதுகளின் பௌதிகவியலோடு நின்றுவிடலாகாது. பாடநூல்களுக்கு அப்பால், கடந்த இருபது ஆண்டுகளின் கண்டுபிடிப்புகளைத் தமிழில் விளக்கும் சிறு நூல்கள் எமது பாடசாலை நூலகங்களுக்கும் பிரதேச சபைகளின் பொது நூலகங்களுக்கும் வரவேண்டும். பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஊர்ப் பாடசாலைகளுக்கு வந்து மாணவரோடு உரையாட வேண்டும். இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை, மனமே தேவை.

அடுத்த பஞ்சரத்தினம் களுதாவளையிலோ காத்தான்குடியிலோ மருதமுனையிலோ ஒரு வகுப்பறையின் பின்வரிசையில் அமர்ந்திருக்கலாம். அந்தப் பிள்ளை கேட்கும் கேள்வியை, பரீட்சைக்கு வராதது என்று சொல்லி நாம் அணைத்துவிடாதிருப்போமாக.